ஊர் என்றால் யாருடைய ஊர்?

பிழைக்கப் போன நாட்டிலிருந்து சொந்த ஊரை நினைத்து ஏங்குவதைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. ஆற்றங்கரை, ஆலமரம், தேர்த் திருவிழா, தாத்தா வீட்டுத் திண்ணை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சில சந்தேகங்கள் வரும். அந்த ஆற்றில் எந்தத் துறையில் குளித்தவர் இதை எழுதுகிறார்? தேர் எந்தத் தெருவோடு திரும்பிப் போனது? திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவரா, திண்ணைக்குக் கீழே நின்று கூலி வாங்கியவரா? சேரியில் இருக்கிற எங்கள் சனம் கடைக்குப் போவதென்றால் "ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்" என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறது. அப்படியானால் அது இருக்கிற இடம் எது? வருவாய்க் கணக்கில் இரண்டும் ஒரே கிராமம். பேச்சில் ஊர் வேறு, நாங்கள் வேறு.

தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து கூலிக்குப் போனவர்களில் பெரும்பகுதி இந்த 'ஊருக்கு வெளியே' இருந்து போனவர்கள். இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போன பள்ளர், பறையர், சக்கிலியர் அதில் அடக்கம். நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, எட்டு வயதில் 1974இல் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவன். ஊருக்குள் இடமில்லாமல் போனவர்களுக்கு ஊர் என்பது என்னவாக இருந்தது, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கங்காணியும் துரையும் இரண்டு அரசாங்கங்களும் எங்களை என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விட்டுவிட்டுப் போனது எதை என்று பார்க்கலாம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதினார். உழுகிற நிலம் மட்டுமல்ல, குடிசை போட்டிருக்கிற மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை; மிராசுதார் அதைத் தன்னுடையது என்கிறார்; அவருக்கு ஆகாமல் போனால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். பஞ்சமி நிலம் ஒதுக்குகிற பேச்சு அதன் பிறகுதான் எழுந்தது. ஆக, பண்ணையில் படியாளாக இருந்தவனுக்குச் சொந்த வீடு என்பதே ஆண்டையின் மனம் கோணாத வரைக்கும்தான். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 78 வரை, ஆண்டையின் களமே காலியானபோது சேரிகள் முதலில் காலியானது இதனால்தான். ஒட்டி இருக்க அங்கே என்ன இருந்தது?

இலங்கையில் காப்பித் தோட்டம் தொடங்கிய 1820களிலிருந்தே ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கால்நடையாகக் கடற்கரைக்கு வந்து, தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்திருக்கிறார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் அந்த வழியிலேயே கிடந்தார்கள். காப்பி ஒரு போகம். பழம் பறிக்கிற காலத்துக்குப் போய்விட்டுத் திரும்பலாம். 1869இல் காப்பிச் செடியில் இலை நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களின் கை வேண்டும், பிள்ளைகளின் கை வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயத்தில் நிறுத்தினார்கள். போய் வருகிற இடமாக இருந்தது இருக்கிற இடமாக மாறியது செடி மாறியதால்தான். எங்கள் ஆட்கள் யாரும் இலங்கையில் நிலையாகத் தங்குவது என்று உட்கார்ந்து முடிவு பண்ணவில்லை.

இதில் கங்காணியின் வேலையைக் கவனிக்க வேண்டும். கங்காணி பெரும்பாலும் நிலமுள்ள சாதிக்காரன். தன் ஊர் ஆட்களையும் அக்கம்பக்கத்துச் சேரி ஆட்களையும் திரட்டிக்கொண்டு போவான். முன்பணம், வழிச்செலவு, கம்பளி எல்லாம் ஆள் பேரில் கடனாக ஏறும். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுக்கும். கடன் தீராமல் ஆள் தோட்டம் மாற முடியாது. மாறுவதென்றால் இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று துரை எழுதித் தருகிற 'துண்டு' வேண்டும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். சேரியில் இருந்தவரை 'ஏண்டா' என்று கூப்பிட்டவன் மலையில் 'நம்ம ஊர்க்காரன்' என்று தோளில் கை போட்டதன் கணக்கு இதுதான். எங்களுக்கு ஊர் என்று ஒன்று முதன்முதலாக வாய்த்தது கங்காணியின் வாயிலிருந்து. அதுவும் கடன் சீட்டோடு சேர்ந்து வாய்த்தது.

என் அப்பாயி துறையூர் தாலுக்காவிலிருந்து சிறு பிள்ளையாகப் போனது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதற்குப் பிந்திய காலம். மண்டபம் முகாமில் வரிசையாக நிற்க வைத்து மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, துணியை ஆவியில் அவித்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைத்துத்தான் கப்பல் ஏற்றுவார்களாம். "ஆடு மாட்ட ஓட்டுற மாதிரிதான்யா ஓட்டுனாங்க. ஆனா அங்க சோறு போட்டாங்க. எல்லாத்துக்கும் ஒரே பந்தியில போட்டாங்க" என்று சொல்லும். வயிறு நிறையச் சோறு, அதுவும் ஒரே பந்தியில்: முகாமைப் பற்றி அதன் நினைவில் நின்றது இதுதான். சரித்திரம் எழுதுகிறவர்கள் மண்டபம் முகாமை அவமானத்தின் இடம் என்று எழுதுகிறார்கள். அது உண்மை. ஆனால் அந்த அவமானத்தைவிடப் பெரிய அவமானத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அது வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

தோட்டத்தில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது. கங்காணி வகையறாவுக்கு ஒரு லயம், எங்களுக்கு ஒரு லயம். சக்கிலியர் காம்பிராக்கள் இன்னும் தள்ளி. கல்யாணம், சாவு, மாரியம்மன் திருவிழாவில் தப்படிப்பது எல்லாம் அப்படியே கப்பல் ஏறிப் போயிருந்தது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிரா எல்லாருக்கும் பத்துக்குப் பன்னிரண்டுதான். பெரட்டுக் களத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரே மலையில் ஒரே நிரையில் கொழுந்து எடுக்க வேண்டும். பீலிக்கரையில் ஒரே தண்ணீர். ஹட்டன் கடைத்தெருவில் தேத்தண்ணி குடிக்கப் போன என் அப்பாவிடம் யாரும் சாதி கேட்டதில்லை. துரையின் சுரண்டல் எங்களுக்குக் கருணை காட்டவில்லை. அது சாதியின் சில தூரங்களை வைத்துக்கொள்ள இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கே இருந்துகொண்டுதான் எங்கள் சனம் 'ஊர், ஊர்' என்று பேசியது. பேரப்பிள்ளை பிறந்தாலும் ஊர், சாமி வந்தாலும் ஊர். இதை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பகலெல்லாம் அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று, அரைப் பேர் போட்டுவிடுவானோ என்று பயந்து, காம்பிராவுக்கு வருகிறவனுக்கு இது இல்லாத வேறு ஒரு இடம் தன் பேரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது தெருவும் சேரியும் தனித்தனியாகத் தெரியவில்லை. ஆனால் என் அப்பாயி மட்டும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதனுடைய அம்மா தோட்டத்திலேயே செத்து, தேயிலைக்கு ஓரமாகப் புதைக்கப்பட்டவள். "எங்க ஆத்தா கெடக்குற எடந்தான் எனக்கு ஊரு. நான் பொறந்த எடத்துல பொணத்தத் தூக்கிட்டுப் போகக்கூடப் பாதை இல்லயே" என்று சொல்லும். பிணம் போகப் பாதை கேட்டு இன்றைக்கும் போராடிக்கொண்டிருக்கிற சேரிகளுக்கு இந்தப் பேச்சு புரியும்.

1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோது அம்பேத்கர் தனக்குத் தாயகம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காத இடத்தை, நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்துகிற இடத்தை எப்படித் தாயகம் என்று சொல்வது என்பது அவர் கேட்ட கேள்வி. அம்பேத்கர் பெயரைக் கேள்விப்பட்டே இராத என் அப்பாயியும் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகு வருவது அரசாங்கங்களின் கதை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருஷமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் ஓட்டுரிமையும் பறிபோனது. தமிழ் காங்கிரஸ் இதில் உடைந்து, செல்வநாயகம் வெளியேறித் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். தலைமுறையாகக் காடழித்து மலை போட்ட சனம் ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆனது. சிங்களவருக்கு 'கள்ளத்தோணி'. யாழ்ப்பாணத்தாருக்கு 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்'.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். தலைக்கணக்கு 9,75,000. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அதை ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ரொட்டியைப் பிட்ட மாதிரி. யாரைப் பிரிக்கிறார்களோ அவர்களில் ஒருவரைக்கூட இரண்டு தரப்பும் கேட்கவில்லை. முதல் ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. எங்கள் ஆட்கள் போன துறை இல்லாமல் போய், ராமேஸ்வரத்தில்தான் திரும்பி இறங்கினோம்.

இவர்கள் திரும்பிப் போகிற இடம் இவர்களுடையதுதானா என்று டில்லியோ சென்னையோ யோசித்ததாகத் தெரியவில்லை. 'இந்திய வம்சாவளி' என்று எழுதிய பிறகு வம்சம் எந்தத் தெருவில் இருந்தது என்று பார்க்க வேண்டியதில்லை அல்லவா? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. அந்தக் காலத்தில்தான் தோட்டங்களில் எங்கள் ஆட்களிடம் "உங்க நாட்டுக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஆசைப்பட்டு எழுதவில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு. மாவுக்கும் அரிசிக்கும் அலைந்து, மரவள்ளியும் கீரையும் தின்று கிடந்தோம். பசியில்தான் கண்டி அலுவலகத்துக்குக் கடுதாசி போனது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று விழுந்தது. எங்கள் வீட்டில் அத்தைக்கு அங்கே விழுந்தது, அப்பாவுக்கு இங்கே. தலைமன்னாருக்குப் போகிற ரயிலை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்று சொல்வார்கள். அப்பாயி தன் ஆத்தாளைப் புதைத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தது. 'இந்திய மண்ணுக்குத் திரும்பியவர்கள்' என்று எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதட்டும்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தோம். தாத்தாவின் குடிசை இருந்த மனையில் நிலக்காரர் வைக்கோல் போர் போட்டிருந்தார். 1971இல் குடியிருப்பு மனைகளை அதில் குடியிருக்கிற கூலி விவசாயிகளுக்கே சொந்தமாக்கித் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது அப்போது குடியிருந்தவனுக்கு. கடல் தாண்டிக் கிடந்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது? தாத்தா காலத்தில் மிராசுதார் கையில் இருந்த மனை, சட்டம் கொடுத்த நேரத்தில் எங்கள் ஆள் அங்கே இல்லாமல், கடைசிவரை எங்களுக்கு ஆகாமலே போனது.

மறுவாழ்வு என்று 5,000 ரூபாய் தொழில் கடன் கொடுத்தார்கள். அப்பா சேரி முனையில் பெட்டிக்கடை வைத்தார். சேரிக்காரன் கடையில் ஊர்ச் சனம் சாமான் வாங்குமா? சேரிச் சனத்திடம் கடன் சொல்லி வாங்கத்தான் வழி இருந்தது. ஒரு வருஷத்தில் கடை படுத்துவிட்டது. கடன் கொடுத்த திட்டத்தில் வியாபாரத்துக்கு முதல் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். வாங்க வருகிறவன் சாதி பார்ப்பான் என்பதற்கு அதில் இடம் இல்லை. வந்த புதிதில் அப்பா டீக்கடைக்குப் போனார். அவருக்குத் தனி கிளாஸ். குடித்துவிட்டு அவரே கழுவி வைக்க வேண்டும். நாற்பது வயது வரைக்கும் தேயிலை மலையில் உழைத்த மனுஷன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நாம நாட்டுக்கு வரலம்மா, சேரிக்கு வந்துருக்கோம்" என்று அப்பாயியிடம் சொன்னார். எனக்கு அந்த வயதில் அது விளங்கவில்லை.

எங்களைப்போலப் பல ஆயிரம் குடும்பங்கள் சொந்த ஊர் என்று எழுதிக் கொடுத்த கிராமங்களை விட்டு நீலகிரிக்கு ஏறியது இப்படித்தான். இதைச் சிலர் 'தெரிந்த தொழிலைத் தேடிப் போனார்கள்' என்று எழுதுகிறார்கள். தொழில் மட்டும் காரணமில்லை. குளிரும் லயமும் கொழுந்துக் கூடையும் இருந்த இடத்தில்தான் எங்களுக்கு மூச்சு விட முடிந்தது. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் வனத்துறை தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1976இல் டான்டீ என்ற நிறுவனமாயின. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று பரவின. அதில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டத்துக்கும் சாலை வேலைக்கும் போனார்கள். கூடலூர்ப் பக்கம் ஜென்மம் நிலங்களில் குடிசை போட்டார்கள். 1969ஆம் வருஷத்து ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த வகை நிலங்களின் உரிமை வழக்கு தலைமுறைக்கணக்காக இழுத்ததில், அங்கே குடியேறியவர்களுக்குப் பட்டா இல்லை, பட்டா இல்லாததால் மின்சாரம் இல்லை என்றானது. அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஒரு அலுவலகத்தில், இலங்கையில் பிறந்தவனுக்கு எப்படிக் கொடுப்பது, பூர்வீக ஊரில் போய் வாங்கி வா என்றார்கள். அப்பாவும் நானும் துறையூருக்குப் போனோம். மனையைக் கேட்டபோது "நீங்க யாரு, எப்ப போனவங்க, யாருக்குத் தெரியும்" என்ற அதே ஊர்ப் பெரிய மனுஷர்கள் சாதியைக் கேட்டவுடன் பளிச்சென்று அடையாளம் சொன்னார்கள். இன்னார் பண்ணையில் இருந்தவன் மகன், இந்தச் சாதிதான், சந்தேகமே இல்லை. அரை நூற்றாண்டு கழித்தும் மறக்கவில்லை. எங்கள் ஊர் எங்களுக்காகப் பத்திரமாக வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

இந்தக் கதை முடிந்துபோனதல்ல. 1984க்குப் பிறகு கப்பல் நின்றது. ஆனால் 77, 83 கலவரங்களில் அடிபட்டு, வன்னிக்கு ஓடி, அங்கிருந்து அகதியாகப் படகேறி வந்த மலையகத்துச் சனமும் தமிழ்நாட்டு முகாம்களில் கணிசமாக இருக்கிறது. முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகள் 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அதே வருஷம் டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 64இல் கணக்கெடுத்து வாங்கியபோது இந்திய வம்சாவளி; படகில் வந்தபோது அகதி.

இலங்கையில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் வருஷச் சட்டத்தோடு குடியுரிமை கிடைத்தது. ஆனால் லயங்கள் இன்னும் இருக்கின்றன. தனி வீடு கட்டிக் கொடுத்த இடங்களில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், அதாவது 1,900 சதுர அடி. இருநூறு வருஷ உழைப்புக்கு அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2023இல் இருநூறாம் வருஷத்தை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகத்து ஆட்கள் நடந்து போனார்கள். காணியுரிமையும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இங்கேயோ, அதற்கு முந்தின வருஷம்தான், டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு எழுந்து நீலகிரியில் போராட்டங்கள் நடந்தன. மண்டபத்தில் இறங்கி, காட்டை வெட்டிச் செடி நட்டவர்கள் எழுபது வயதில் மறுபடி எங்கே போவது?

ஊர் ஏக்கம் பற்றி எழுதுகிற நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களுக்கு விட்டுவந்த வீடு ஒன்று இருக்கிறது, அதை நினைக்கிறார்கள். எங்கள் கதையில் மிராசுதார் மனை, தோட்டத்து லயம், அரசாங்கத்துக் குடியிருப்பு, வழக்கில் கிடக்கிற நிலம் என்று நாலு இடம் வருகிறது. நாலிலும் நாங்கள் பிறந்தோம், உழைத்தோம், செத்தோம். நாலில் ஒன்றுகூட எங்கள் பேரில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததா இந்தப் பக்கம் இருந்ததா என்பது அதற்குப் பிறகுதான்.

அப்பாயி 1989இல் கூடலூரில் செத்தது. கொண்டுவந்த மண்ணை அதோடு சேர்த்துக் குழியில் போட்டோம். அந்த இடமும் வழக்கில் இருக்கிற நிலம்தான். இன்றைக்கு என் பிள்ளைகளிடம் "உங்க ஊர் எது?" என்று கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் குடியிருக்கிற மனைக்குப் பட்டா இருக்கா, பொணம் போகப் பாதை இருக்கா, நாளைக்கு யாரும் வந்து கெளம்புன்னு சொல்ல முடியாதா என்று முதலில் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிகிற அன்றைக்கு ஊர்ப் பேரை நாங்களே சொல்லுவோம்.